ஏனுங்க செல்லப்பண்ணே

ஏற்காடு பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, ஸ்வெட்டர் கடைக்கும் காப்பிப்பொடிக் கடைக்கும் நடுவில் நசுங்கிக்கொண்டு நிற்கும் டீக்கடையின் முதலாளி செல்லப்பனுக்கு வயது ஐம்பத்து மூன்று. சொந்த ஊர் கீழே அயோத்தியாப்பட்டணம். மலையேறி இருபத்தோரு வருடம் ஆகிறது. இந்த இருபத்தோரு வருடத்தில் அவர் செய்த பெரும்பிழை என்று சரித்திரம் ஒன்றே ஒன்றைத்தான் குறித்துக்கொள்ள முடியும். வராத பஸ்ஸுக்காக மாரமங்கலம் நிறுத்தத்தில் மூன்று மணி நேரம் மழையில் நின்ற கதையை மாதம்மாள் வந்து சொன்னபோது, மனம் இளகி, "இனிமே ஒரு போன் போட்டுக் கேட்டுட்டு நில்லுங்க" என்று தன் நம்பரைக் கொடுத்துவிட்டார்.

மாதம்மாள் மாரமங்கலத்திலிருந்து ஏற்காட்டு ஓட்டல் ஒன்றில் பாத்திரம் கழுவும் வேலைக்கு வந்து போகிறவள். நல்ல விஷயத்தைத் தனக்கென்று பதுக்கி வைத்துக்கொள்ளும் குணம் அவளிடம் இல்லை. ஆறே மாதத்தில் செல்லப்பனின் நம்பர் மாரமங்கலத்துச் சுவர்களில் கரித்துண்டால் எழுதப்பட்டது. ரேஷன் கார்டு உறைகளுக்குள் புகுந்தது. ஒரு கல்யாணப் பத்திரிகையில், 'பேருந்து விவரங்களுக்கு' என்று மாப்பிள்ளையின் மாமா பெயருக்குக் கீழே அச்சாகவும் செய்தது. அந்தக் கல்யாணத்துக்குச் செல்லப்பனுக்கு அழைப்பு இல்லை.

தகவல் கேட்பது என்பது மலையில் எடுத்தவுடன் கேட்டுவிடுகிற காரியம் அல்ல. அதற்கொரு முறை இருக்கிறது.

"ஏனுங்க செல்லப்பண்ணே."

இங்கே நிறுத்திவிடுவார்கள். செல்லப்பன் "சொல்லுங்க" என்று சொல்லும்வரை அடுத்த வார்த்தை வராது. ஒருமுறை பால் பொங்குகிற அவசரத்தில் அவர் சும்மா இருந்து பார்த்தார். எதிர்முனையும் சும்மா இருந்தது. பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்த பிறகும் இருந்தது.

"சொல்லுங்க."

"நல்லா இருக்கறீங்களா?"

"இருக்கறேனுங்க."

"ஊட்டுல நர்சக்கா நல்லா இருக்கறாங்களா?"

"அவ உங்க ஊருலதானுங்க இப்ப இருக்கறா. நீங்கதான் எனக்குச் சொல்லோணும். வண்டி இன்னும் எடுக்கல. வெச்சிருங்க."

நர்சக்கா என்பது செல்லப்பனின் மனைவி கவிதா. மாரமங்கலம் துணை சுகாதார நிலையத்தில் செவிலியர். காலை பஸ்ஸில் போவாள். சாயங்காலம் ஐந்து நாற்பதுக்கு ஏற்காட்டில் கிளம்பும் பஸ் மாரமங்கலம் போய்த் திரும்பும்போது அதில் ஏறி, ஏழரை மணிக்குக் கடை வாசலில் இறங்குவாள். இரண்டு கிளாஸ் டீ தயாராக இருக்கும். அதைக் குடித்தபடி செல்லப்பன் அன்று வந்த அறுபது எழுபது போன்களைப் பற்றியும் அந்த ஊர்க்காரர்களைப் பற்றியும் அரைமணி நேரம் திட்டுவார். கவிதா அந்த ஊர்க்காரர்களின் பிரஷரையும் சர்க்கரையையும் பற்றிச் சொல்வாள். இதற்குப் பெயர் தாம்பத்தியம் என்று இருவருமே வெளியில் சொல்லிக்கொண்டதில்லை.

இப்படிப்பட்ட ஒரு நடைமுறைக்குள்தான் வசந்த் வந்து சேர்ந்தான்.

வசந்துக்கு இருபத்தேழு வயது. தரவு ஆலோசகர். மலையில் ஓடும் பஸ் முதல் தெருவிளக்குவரை எல்லாவற்றையும் 'மக்கள் விருப்பப்படி' மாற்றியமைக்க ஒரு குழு போடப்பட்டிருந்தது. மக்கள் விருப்பத்தை மக்களிடம் கேட்டால் நேரமாகும் என்பதால், மக்கள் இணையத்தில் எதைத் தேடுகிறார்கள் என்று பார்த்துச் சொல்ல வசந்த் அனுப்பப்பட்டான். செல்லப்பனின் பெஞ்சில் உட்கார்ந்து, லேப்டாப்பைத் திறந்து, சேர்வராயன் மலையைக் கட்டம் கட்டமாகப் பிரித்த வரைபடத்தைக் காட்டினான். சில கட்டங்கள் கரும்பச்சை. சில வெளிர்பச்சை. மாரமங்கலம் இருக்கவேண்டிய இடம் சோற்றுக் கஞ்சி நிறத்தில் இருந்தது.

"இதான் அங்கிள் ஆர்வ வரைபடம். பாருங்க, கிளியூர் அருவி சனி ஞாயிறுல நூறு. சேலத்துக்காரங்க 'ஏற்காட்டுல இன்னிக்கு குளிரா'ன்னு தேடறாங்க. ஏற்காட்டுக்காரங்க 'சேலத்துல இன்னிக்கு எவ்ளோ வெயில்'னு தேடறாங்க."

"எதுக்குங்க?"

"சந்தோஷத்துக்குதான் அங்கிள்."

செல்லப்பன் குனிந்து டீயை ஆற்றத் தொடங்கினார். மே மாதத்தில் அவரும் தினம் அதைத்தான் தேடுகிறார்.

"மாரமங்கலம் பஸ்ஸுன்னு போட்டா பாருங்க. பூஜ்யம். பதினெட்டு மாசமா பூஜ்யம். யாருக்குமே அந்த வண்டில ஆர்வம் இல்ல. அதனால அஞ்சு நாப்பது டிரிப்ப நிறுத்திட்டு, கிளியூர் பக்கம் திருப்பி விடலாம்னு பரிந்துரை எழுதிருக்கேன்."

செல்லப்பன் டீ ஆற்றுவதை நிறுத்தினார்.

"நூறுன்னு சொன்னீங்களே, அருவிய நூறு பேரு தேடுனாங்களா?"

"இல்ல அங்கிள். நூறுங்கறது உச்சம். எத்தன பேருன்னு அதுல தெரியாது."

"எத்தன பேருன்னு தெரியாம நூறா?"

"ஆமா."

"அப்ப பூஜ்யம்னா ஒருத்தரும் தேடலைங்களா?"

"அப்படியும் இல்ல. ரொம்பக் கம்மியா இருந்தா பூஜ்யம்னு காட்டும்."

"அப்ப உங்க நூறும் நூறு இல்ல, பூஜ்யமும் பூஜ்யம் இல்ல."

"கரெக்ட் அங்கிள்! இத எங்க டீம்ல பாதிப் பேருக்குப் புரியவைக்கவே முடியல."

அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. ஏனுங்க செல்லப்பண்ணே. செல்லப்பன் ஸ்பீக்கரில் போட்டு, சொல்லுங்க என்று சொல்லி, நலம் விசாரிப்பு முழுவதையும் வசந்த் கேட்கும்படி ஓடவிட்டார். கடைசியில் வந்த கேள்வி, சாயங்கால வண்டி உண்டுங்களா.

"பாத்தீங்களா? இதோட இன்னிக்கு நாப்பத்தொண்ணு."

வசந்த் நிஜமாகவே வருத்தப்பட்டான். "இது போன் கால் அங்கிள். கணக்குல வராது. அவங்க தேடணும். நீங்க பதில் சொல்லிட்டே இருக்கறதாலதான் அவங்க தேடறதில்ல."

ஆக, இருபது வருடம் வேண்டாவெறுப்பாகப் பதில் சொல்லிச் சொல்லி, அந்த பஸ்ஸின் கழுத்தை நெரித்தவர் செல்லப்பன்தான் என்று அறிவியல் தீர்ப்புச் சொல்லிவிட்டது. அடுத்த கணக்கெடுப்பு ஒரு மாதம் கழித்து. அதுவரைக்கும் அவகாசம்.

சாயங்காலம் கவிதா டீயைக் கையில் வாங்கிக்கொண்டு முழுதும் கேட்டாள்.

"சாயங்கால வண்டி நின்னா நான் அங்கயே ஒரு ரூம் பாத்துக்கறேனுங்க. சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை வாரேன்."

சாதாரணமாகத்தான் சொன்னாள். செல்லப்பனிடம் இருந்த மொபெட் ஒன்பது வருடங்களுக்கு முன் ஒரு கொண்டை ஊசி வளைவில் அவரைக் கீழே போட்டுவிட்டது. அன்றே விற்றார். அவருடைய முட்டி மட்டும் அந்த வளைவை விற்காமல் வைத்திருக்கிறது. எனவே மாரமங்கலம் போய் அவளைக் கூட்டிவருவது நடக்காது. ஒரு கிளாஸ் டீயை மட்டும் போட்டு, எதிரே யாரும் இல்லாமல் அறுபது போன்களையும் யாரிடம் திட்டுவது என்று யோசித்தார். யோசிக்க யோசிக்க எரிச்சல் கூடியது. அதற்கு எரிச்சல் என்றே அவர் பெயர் வைத்துக்கொண்டார்.

மறுநாள் முதல் செல்லப்பன் புரட்சியில் இறங்கினார். போன் வந்தால், "நான் சொல்லமாட்டனுங்க. உங்க போன்லயே தேடுங்க" என்று வைத்துவிட்டார். எழுதத் தெரியாதே என்றவர்களுக்கு, "மைக்குப் படம் ஒண்ணு இருக்கும். அத அமுக்குங்க. எங்கிட்ட எப்படிக் கேப்பீங்களோ அப்படியே கேளுங்க" என்றார். கடைக்கு வந்தவர்களின் போனை வாங்கி, படத்தைக் காட்டி, அமுக்கியும் காண்பித்தார். இருபத்தோரு வருடத்தில் அவர் செய்த இரண்டாவது பெரும்பிழை இது.

நான்காவது நாள் மாதம்மாள் கடைக்கு வந்தாள். முகம் சுண்டிப்போயிருந்தது.

"ஏனுங்க செல்லப்பண்ணே."

"சொல்லுங்க."

"நீங்க சொன்னபடியேதான் கேட்டனுங்க. பன்னிக்குட்டியா வருதுங்க."

"என்ன வருது?"

அவள் போனை நீட்டினாள். திரை முழுக்க ரோஜா நிறத்தில் பன்றிக்குட்டிகள். ஒன்று தொப்பி போட்டிருந்தது. ஒன்று மெத்தையில் தூங்கியது. வெள்ளைக்காரக் குழந்தை ஒன்று மூன்றாவதை முத்தமிட்டுக்கொண்டிருந்தது.

"என்னத்தக் கேட்டீங்க? எம்முன்னால கேளுங்க பாக்கலாம்."

மாதம்மாள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு, போனை முகத்துக்கு நேராகப் பிடித்து, படத்தை அமுக்கி, கணீரென்று கேட்டாள். "ஏனுங்க செல்லப்பண்ணே."

நிறுத்தினாள். போன், சொல்லுங்க என்று சொல்லட்டும் என்று மரியாதையாகக் காத்திருந்தாள்.

போன் அதைச் சொல்லவில்லை. அவ்வளவுதான் கேள்வி என்று முடிவுகட்டித் தேடப் போய்விட்டது. 'ஏனுங்க' அதற்குப் புரியாததால் உதறிவிட்டது. மிச்சத்தைத் தன் அறிவுக்கு எட்டியபடி இரண்டாக வெட்டி, 'செல்லப் பன்னி' என்று எழுதிக்கொண்டது. அடுத்த நொடி பன்றிக்குட்டிகள் தொப்பியோடு வந்து நின்றன.

செல்லப்பன் தன் பெயரைத் திரையில் அந்தக் கோலத்தில் பார்த்தார். அயோத்தியாப்பட்டணத்தில் அவருக்கு அந்தப் பெயரை வைத்த அப்பா உயிரோடு இல்லை என்பது மட்டுமே அப்போது இருந்த ஆறுதல்.

"எம்பேர எதுக்குங்க சொல்றீங்க? 'மாரமங்கலம் பஸ்'னு மொட்டையாக் கேளுங்க."

"பேரு சொல்லிக் கூப்படாம எப்படிங்க கேக்கறது? எடுத்தவொடனே பஸ்சு எங்கன்னா, மருவாதி இல்லீங்களே."

"அது மிசினுங்க! அதுக்கு என்ன மருவாதி?"

"அப்படிச் சொல்லாதீங்க. நமக்குக் கேட்டுச் சொல்லுதுல்ல."

அவளைத் திருத்த முடியவில்லை. மற்றவர்களையும் முடியவில்லை. ஒருவர் பெயரை விட்டுவிட்டு வெறும் 'ஏனுங்க' என்று மட்டும் கேட்டு, நிறுத்தி, ஏதோ ஏணிக் கடையின் விலாசத்தை வாங்கிக்கொண்டார். மற்ற எல்லோரும், பதில் வராவிட்டால் செல்லப்பண்ணன் வேலையாக இருக்கிறார்போல என்று ஐந்து நிமிடம் விட்டு மறுபடி கூப்பிட்டார்கள். மறுபடி பன்றிகள். மறுபடி ஐந்து நிமிடம். பக்கத்து ஊரான கொட்டச்சேட்டிலும் இது பரவியது. அங்கே பஸ்ஸுக்காக அல்ல, குட்டிகள் நன்றாக இருக்கின்றன என்பதற்காக.

ஐயாக்கண்ணு நேரிலேயே வந்தார். மாரமங்கலத்தில் ராகியும் மரவள்ளிக்கிழங்கும் கொஞ்சம் மிளகும் போட்டிருப்பவர். வருடத்தில் பாதி நாள் தோட்டத்துப் பரணில் உட்கார்ந்து, தகரத்தைத் தட்டிக் காட்டுப்பன்றிகளை விரட்டுவதுதான் அவர் பிழைப்பு.

"ஏனுங்க செல்லப்பண்ணே."

"சொல்லித் தொலைங்க."

"டீக்கடைய விட்டுட்டீங்களாட்ட இருக்குது? போன்ல கூப்ட்டா உங்க பன்னியாத்தான் வருது. தொப்பியெல்லாம் போட்டு உட்டிருக்கறீங்க."

"அது என்னோடது இல்லீங்க!"

"இல்ல, யாவாரம்னா தப்பில்ல. ஆனா எங்க பக்கம் ஓட்டிட்டு வந்தறாதீங்க சாமி. இருக்கறதே தாங்கல."

மாதம் முடிந்தது. வசந்த் ஓடியே வந்தான். மூச்சு வாங்க லேப்டாப்பைத் திறந்தான். மலை முழுக்கக் கரும்பச்சை. மாரமங்கலம் கட்டம் கிட்டத்தட்டக் கறுப்பு.

"அங்கிள், என் வாழ்க்கைல இப்படி ஒரு ஏற்றத்தப் பாத்ததில்ல! நாலே வாரத்துல பூஜ்யத்துலேருந்து நூறு! மாநிலத்துலயே முதலிடம்! என்னன்னு சொல்லுங்க பாக்கலாம்?"

"பன்னி" என்றார் செல்லப்பன்.

"எப்படிக் கண்டுபுடிச்சீங்க?"

செல்லப்பன் பெயரிலிருந்து தொடங்கி, மைக்குப் படம், மரியாதை, 'சொல்லுங்க' வரை ஒன்று விடாமல் சொன்னார். நடித்தும் காட்டினார். வசந்த் பொறுமையாகக் கேட்டான். ஆலோசகர்களுக்குப் பொறுமை கற்றுத்தரப்படுகிறது.

"அங்கிள், ஒரு ஆளோட பேர ஒரு மலையே தினமும் கூப்பிடுமா? நம்பற மாதிரியா இருக்கு? அதுவுமில்லாம இது திடீர்னு வந்த ஆசை இல்ல. பழைய தரவ நோண்டிப் பாத்தேன். மூணு வருசமா இந்தப் பக்கம் 'காட்டுப்பன்றி'ன்னு தேடிட்டே இருக்காங்க. ஆர்வம் உள்ளுக்குள்ள இருந்திருக்கு. இப்ப வெடிச்சிருச்சு."

"அது வெரட்டறதுக்குத் தேடுனதுங்க!"

"எதுக்குன்னு தரவுல வராது அங்கிள். ஆர்வம்னுதான் வரும்."

வியாழக்கிழமை கூட்டம். குழுவின் தலைமை அதிகாரி சேலத்திலிருந்து ஜீப்பில் வந்தார். உள்ளூர்ப் பிரதிநிதிகள் என்ற முறையில் செல்லப்பனும் ஐயாக்கண்ணுவும் பின்வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்த்தப்பட்டார்கள். செல்லப்பன் சலவைச் சட்டை போட்டிருந்தார். எல்லார் முன்னாலும் எழுந்து, இது என் பெயர், பன்றி அல்ல என்று சொல்லி, மானத்தை மீட்டுக்கொண்டு போவது என்பது அவர் திட்டம். வாசகங்களைக் கண்ணாடி முன் ஒத்திகையும் பார்த்திருந்தார்.

அதிகாரி அறிக்கையைப் புரட்டினார். "மாரமங்கலம் பஸ், போன தடவையும் பூஜ்யம், இந்தத் தடவையும் பூஜ்யம். அந்த டிரிப்ப எடுத்துரலாம்."

செல்லப்பன் எழப் போனார்.

"ஆனா செல்லப் பன்றி வளர்ப்புக்கு நூறுன்னு இருக்கு. ஆச்சரியமா இருக்கு. மாரமங்கலத்துலயே ஒரு பயிற்சி மையம் போட்டா என்ன? கட்டடம் இருக்கா?"

"இருக்கு சார்" என்றான் வசந்த்.

"பயிற்சிக்கு வர்றவங்க எப்படிப் போயிட்டு வருவாங்க?"

வசந்த் லேப்டாப்பைத் தட்டினான். "அஞ்சு நாப்பதுக்கு ஒரு வண்டி இருக்கு சார். அதை நிறுத்தாம வெச்சிக்கிட்டா, காலை வண்டில போறவங்க அதுல ஏழரைக்குத் திரும்பிரலாம்."

பாதி எழுந்த நிலையிலேயே செல்லப்பன் நின்றுவிட்டார். நாற்காலி அவர் பின்பக்கத்தில் ஒட்டிக்கொண்டு கூடவே எழுந்து நின்றது.

அதிகாரி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "அவர் என்னமோ சொல்ல வர்றார். நீங்க உள்ளூர்தானே? சொல்லுங்க. இந்த மக்களுக்கு நெஜமாவே பன்றி மேல இவ்வளவு பிரியமா? இல்லன்னா சொல்லிருங்க, மையம், வண்டி ரெண்டையும் சேத்து அடிச்சிடறேன்."

செல்லப்பனின் கண்முன் இரண்டு பொருள்கள் தெரிந்தன. ஒன்று, அப்பா வைத்த பெயர். இன்னொன்று, எதிரே ஆளில்லாமல் ஆறிப்போகும் ஒரு கிளாஸ் டீ. இருபத்தோரு வருடம் வண்டி வந்தால் வந்தது, வராவிட்டால் வரவில்லை என்று உள்ளதை உள்ளபடி சொல்லியே பழகிய நாக்கு அது. இப்போது மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அவர் அதைப் பிய்த்தெடுத்தார்.

"உசுருங்க" என்றார்.

பக்கத்தில் ஐயாக்கண்ணு அவரை மெதுவாகத் திரும்பிப் பார்த்தார்.

"நீங்க என்ன சொல்றீங்க பெரியவரே?" என்றார் அதிகாரி.

ஐயாக்கண்ணுவுக்குப் பொய் சொல்வது ஆகாது. ஆனால் அவருடைய மருமகள் ஓட்டல் வேலை முடிந்து ஊருக்கு வருவதும் அதே வண்டியில்தான். துண்டை எடுத்துத் தோளை மாற்றிப் போட்டுக்கொண்டார்.

"பன்னி மொகத்துல முழிக்காம எங்களுக்கு ஒரு நாளும் விடியறதில்லைங்க சாமி."

அதிகாரி நெகிழ்ந்துபோனார். இரண்டு வாக்கியங்களையும் அப்படியே குறிப்பில் ஏற்றச் சொன்னார்.

வெளியே வந்ததும் ஐயாக்கண்ணு கேட்டார். "என்னுது நெசமுங்க. உங்களுது?"

"பேசாம வாங்க" என்றார் செல்லப்பன்.

ஐந்து நாற்பது டிரிப்பை நிறுத்தவில்லை. முகப்புக் கண்ணாடியில், 'மாரமங்கலம்' என்பதற்கு மேலே, 'செல்லப் பன்றிப் பயிற்சி மையம்' என்று கொட்டை எழுத்தில் ஒரு போர்டு வைத்தார்கள். பஸ் தினமும் செல்லப்பனின் கடைக்கு நேர் எதிரே, அந்த போர்டு அவரைப் பார்க்கும்படி வந்து நின்றது. டீ குடிக்க வருபவர்கள் போர்டைப் பார்த்து, செல்லப்பனைப் பார்த்து, டீயைப் பார்த்துக்கொண்டார்கள். சத்தமாகச் சிரித்தவர்களுக்கு அவர் சர்க்கரை போடவில்லை.

பயிற்சி தொடங்கிய திங்கட்கிழமை, பனியில் விளக்கை மஞ்சளாகக் கசியவிட்டபடி ஏழரை வண்டி வந்தது. கவிதா இறங்கினாள். கையில் பையோடு, வழக்கமில்லாமல் ஒரு மூங்கில் கூடையும் இருந்தது. கூடைக்குள் ஏதோ உறுமியது.

"என்னடி இது?"

"மையத்துல மொதக் குட்டிங்க. உள்ளூர் ஆர்வலருக்குக் குடுத்தே ஆகோணும்னு எங்கையில குடுத்தாங்க."

"வேண்டாம்னு சொல்லிருக்கலாம்ல?"

"சொன்னனுங்க. நீங்க 'உசுரு'ன்னு சொன்னத எழுதி, கையெழுத்துப் போட்டு, சீல் வெச்சு வெச்சிருக்கறாங்க. எடுத்துக் காட்டுனாங்க." கவிதா பெஞ்சில் உட்கார்ந்தாள். "எனக்குத் தெரியாம எத்தன நாளா இந்த ஆசைங்க?"

"அடியே, அந்த ஆளு ரெண்டையும் சேத்து அடிச்சிருப்பான். நீ சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை வந்துட்டு..." செல்லப்பன் பாதியில் நிறுத்திக்கொண்டார். தேவைக்கு மேல் சொல்லிவிட்டதுபோல இருந்தது. கண்டக்டரைப் பார்த்து எரிந்து விழுந்தார். "ஏப்பா, நாளைக்கும் வண்டி உண்டுல்ல?"

"பன்னி இருக்கற வரைக்கும் உண்டுங்கண்ணே."

கவிதா தன் டீயை எடுத்துக்கொண்டாள். கூடையின் மூடியைத் தள்ளிக்கொண்டு ஒரு ரோஜா நிற மூக்கு வெளியே வந்தது. ஏற்காட்டுக் குளிரை மோந்து பார்த்து, தும்மியது. செல்லப்பன் அதை வெறுப்போடு பார்த்தார். பிறகு அடுப்பிலிருந்த பாலை ஒரு சாஸரில் ஊற்றி, ஊதி ஆற்றினார்.

"இதுக்குச் சர்க்கர போடோணுமா, வேண்டாமாடி?" என்று மனைவியிடம் கேட்டார். எரிச்சலோடுதான் கேட்டார்.